புதுக்கோட்டை வட்டாரத்தில் புன்செய் உணவும் வெள்ளரிசியும்: நார்ச்சத்து, செரிமானம், உறக்கம் குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

வற்றாத ஆறு இல்லாத புதுக்கோட்டை வட்டாரத்தில் வரகு, கேழ்வரகு, சோளம், கம்பு, சாமை முதலிய புன்செய்த் தானியங்கள் உழைக்கும் மக்களின் அன்றாட உணவாக நெடுங்காலம் விளங்கின. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தீட்டிய அரிசி அவற்றின் இடத்தைப் பிடித்தது. அதனால் உணவின் நார்ச்சத்து குறைந்தது. உண்ணும் நேரமும் உழைப்பும் உறக்கமும் கூடவே மாறின. மரபை மறந்ததன் விளைவே இம்மாற்றம் என்னும் பொதுவான விளக்கத்தை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. இலக்கியம், கல்வெட்டு, சமஸ்தானக் கால வரலாறு, ஊட்டச்சத்தியல் ஆய்வுகள் ஆகியவற்றை ஒருங்கே நோக்கும்போது, வெள்ளரிசியை நோக்கிய நகர்வு பசியிலிருந்தும் இழிவிலிருந்தும் கடும் உழைப்பிலிருந்தும் விடுபடும் முயற்சியாக நிகழ்ந்தது என்பதும், நார்ச்சத்தின் இழப்பு அவ்விடுதலையோடு வந்த எதிர்பாராத விளைவு என்பதும் புலனாகின்றன.

திறவுச்சொற்கள்: புதுக்கோட்டை, புன்செய்த் தானியங்கள், நார்ச்சத்து, வெள்ளரிசி, செரிமானம், உறக்கம், நியாயவிலைக் கடை

முன்னுரை

செரிமானக் கோளாறு, மலச்சிக்கல், உறக்கமின்மை ஆகியவற்றுக்கு நார்ச்சத்து மிகுந்த உணவையும் ஒழுங்கான வாழ்க்கைமுறையையும் பரிந்துரைப்பது இன்றைய மருத்துவத்தின் பொதுவான அறிவுரையாகும். தமிழ்ச் சூழலில் இவ்வறிவுரை பெரும்பாலும் ஒரு வரலாற்றுக் கூற்றோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. முன்னோர் சிறுதானியம் உண்டனர். அதனால் நோயின்றி வாழ்ந்து நன்கு உறங்கினர். பின்வந்தோர் அதைக் கைவிட்டு நோயுற்றனர் என்பதே அக்கூற்று. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் சிறுதானியத்தை உண்டவர் யார், எந்நிலையில் உண்டனர், வாய்ப்புக் கிடைத்ததும் ஏன் கைவிட்டனர் என்னும் வினாக்களுக்கு அதில் விடை இல்லை.

இவ்வினாக்களுக்கு விடை தேடப் புதுக்கோட்டை வட்டாரம் தக்க களமாகும். தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் இருந்த புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948 மார்ச் 3ஆம் நாள் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. பின்னர் 1974 ஜனவரி 14 அன்று, முன்பு தஞ்சை மாவட்டத்தைச் சார்ந்திருந்த அறந்தாங்கிப் பகுதியும் சேர்ந்து தனி மாவட்டம் உருவானது. மேட்டுப் புன்செய், கண்மாய் நன்செய், கால்வாய்ப் பாசனம் ஆகிய மூன்று வகை நிலங்களும் இம்மாவட்டத்தில் அருகருகே உள்ளன. ஆகவே தானியத்துக்கும் நீருக்கும் சமூக மதிப்புக்கும் இடையிலான உறவை ஒரே வட்டாரத்துக்குள் காண முடிகிறது.

நிலமும் தானியமும்

வெள்ளாறு, அக்கினியாறு, பாம்பாறு ஆகியவை மழைக்காலத்தில் மட்டுமே பெருகும் ஆறுகள். வெள்ளாற்றுக்கு வடக்கே கோனாடு, தெற்கே கானாடு எனப் பண்டைய பிரிவுகள் அமைந்தன. செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டு நிலத்தில் மழைநீரைத் தேக்குவதற்கென ஆயிரக்கணக்கான கண்மாய்களும் ஏந்தல்களும் வெட்டப்பட்டன. கண்மாய் நிறைந்த ஆண்டில் நெல் விளைந்தது. அது நிறையாத ஆண்டில் புன்செய் விளைச்சலே உயிர் காத்தது. வரகு நீண்ட வறட்சியைத் தாங்கும். சாமை குறுகிய காலத்தில் விளையும். கேழ்வரகும் சோளமும் கம்பும் சிறு மழைக்கே பலன் தரும். இவற்றின் இடையே துவரை, மொச்சை, தட்டைப்பயறு, கொள்ளு ஆகியவை ஊடுபயிராகவோ தனிப்பயிராகவோ விதைக்கப்பட்டன.

இத்தகைய உணவமைப்பின் தொன்மையைச் சங்க இலக்கியம் காட்டுகிறது. மாங்குடி கிழார் பாடிய புறநானூற்று 335ஆம் பாடல் வரகு, தினை, கொள்ளு, அவரை என நான்கனையே உணவாக எண்ணுகிறது. இரண்டு தானியமும் இரண்டு பயறும் அடங்கிய இப்பட்டியல் ஊட்டச்சத்து நோக்கில் குறிப்பிடத்தக்கது. தவிடு முழுதும் நீங்காத தானியத்தோடு தோலுடன் கூடிய பயறு சேரும்போது கரையும் நாரும் கரையா நாரும் ஒருங்கே கிடைக்கின்றன. அப்பாடல் சொல்வது வன்புல வாழ்வின் உணவையே. மருதநில நெல்லுணவு சங்கப் பாடல்களில் வளத்தின் அடையாளமாகவே இடம்பெறுகிறது. எனவே இரு உணவுகளுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு தொன்மையானது என்றே கொள்ள வேண்டும்.

பிற்காலப் பாண்டியர் காலக் கல்வெட்டுகளும் இவ்வேறுபாட்டை நிலைப்படுத்துகின்றன. நன்செய்க்கும் புன்செய்க்கும் இறை தனித்தனியே விதிக்கப்பட்டது. வரகு, தினை, எள் முதலியன புன்செய்ப் பயிர்களாகக் குறிக்கப்பட்டன. அரசும் கோயிலும் பெரிதும் விரும்பிப் பெற்றது நெல்லையே. நெல் களத்திலிருந்து வெளியே சென்றது; வரகும் கேழ்வரகும் உழவர் வீட்டுக் குதிரிலும் பானையிலும் தங்கின.

குத்தலும் தவிடும்

நெல்லின் உமியை நீக்கினால் தவிட்டோடு கூடிய அரிசி கிடைக்கும். மேலும் குத்தித் தீட்டினால் தவிட்டுப் படலமும் முளையும் நீங்கி வெண்மை கூடும். நார்ச்சத்தின் பெரும்பகுதியும் உயிர்ச்சத்து ‘பி’ வகையின் பெரும்பகுதியும் இப்படலத்திலும் முளையிலுமே உள்ளன. அரிசியை எவ்வளவு குத்துவது என்பது அடுக்களை சார்ந்த செய்தி மட்டுமன்று; அது சமூக மதிப்பையும் காட்டும் அளவுகோலாகும்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் அமுதுபடிக்கு நெல்லை அரிசியாக்கும் விகிதம் குறிக்கப்பட்டுள்ளது. ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்பது பரவலாகக் காணப்படும் கணக்கு. பத்து அளவு எட்டாகக் குறையுமாறு குத்திய பழவரிசி என்று பொருள்கொள்ளப்படும் தொடரும் கல்வெட்டுகளில் இடம்பெறுகிறது. இறைவனுக்குப் படைப்பது நன்கு குத்திய, பழகிய, வெண்மையான அரிசியாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை இக்குறிப்புகள் உணர்த்துகின்றன. ஆகவே வெண்மையான அரிசியின் மீதான விருப்பம் ஆலையோடு வந்ததன்று. ஆலை தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தவிடு நீங்கிய சோறு பெருமைக்குரிய சோறாக இருந்தது. அன்று அதை எல்லோரும் நாள்தோறும் பெற இயலவில்லை என்பதே வேறுபாடு.

சமய வழக்கிலும் இப்படிநிலை வெளிப்படுகிறது. கோபுரக் கலசங்களில் வரகை இட்டு வைக்கும் வழக்கம் தமிழகத்தில் உண்டு. ஆனால் பெருங்கோயில் மூலவருக்குரிய படையலில் நெல்லரிசிச் சோறே முதன்மை பெறுகிறது. முருகனுக்குத் தினைமாவும் ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழும் படைக்கப்படுகின்றன. குறிஞ்சி நிலத் தெய்வமும் ஊர்த் தெய்வமும் தத்தம் மக்களின் உணவையே ஏற்கின்றன என்பதை இங்கு நோக்கலாம். புதுக்கோட்டை அரசவையில் நவராத்திரி நாள்களில் அந்தணருக்கு அரிசியோடு அம்மன் காசும் வழங்கப்பட்டது. அரசின் கொடை அரிசியாக இருந்தது என்பது அத்தானியம் பெற்றிருந்த மதிப்புக்கு மற்றொரு சான்றாகும்.

சமஸ்தானக் காலத்து உழைப்பும் உணவும்

1878இல் திவானாகப் பொறுப்பேற்ற அ. சேஷையா சாஸ்திரி, விளைச்சலில் அரசு பங்கு பெறும் அமானி முறையை நீக்கிப் பணமாகச் செலுத்தும் வரிமுறையை நடைமுறைப்படுத்தினார். பண வரி செலுத்துவதற்கு விலைபோகும் விளைபொருள் தேவை. நெல்லும் பின்னர் நிலக்கடலையும் சந்தைக்குச் சென்றன. குறைந்த விலைபெறும் புன்செய்த் தானியம் வீட்டு உணவாக நீடித்தது. சிறுநில உழவரும் நிலமற்ற கூலி உழைப்பாளரும் நெற்சோற்றைத் திருவிழா, திருமணம், விருந்தினர் வருகை போன்ற நாள்களில் உண்டனர். ஏனைய நாள்களில் கூழும் களியும் கஞ்சியுமே உணவாயின.

இவ்வுணவுக்கெனத் தனி நேர ஒழுங்கு இருந்தது. வேலை முடிந்து திரும்பிய பின் மாலையில் அடுப்பு மூட்டப்பட்டது. பொழுது சாய்ந்த சிறிது நேரத்தில் சூடான உணவு உண்ணப்பட்டது. மீதியில் நீர் ஊற்றி வைத்தனர். மறுநாட்காலை அது நீராகாரமாகவும் பழையதாகவும் ஆயிற்று. கீரை, வெங்காயம், துவையல், சுட்ட கருவாடு ஆகியவை துணையாயின. முருங்கைக்கீரை, பண்ணைக்கீரை, குப்பைக்கீரை ஆகியவை விலையின்றிக் கிடைத்தன. பனைமரம் மிகுந்த பகுதிகளில் பனங்கிழங்கு பருவ உணவாயிற்று. விளக்கெண்ணெயும் மண்ணெண்ணெயும் செலவுக்குரியவை என்பதால் இரவு நெடுநேரம் விழித்திருப்பது அரிதாயிற்று. வைகறையில் எழ வேண்டிய வேளாண் உழைப்பு உறக்கத்தை முன்கூட்டியே வரவழைத்தது.

இன்றைய மருத்துவம் பரிந்துரைக்கும் நார்மிகு உணவு, பகலில் உடலுழைப்பு, உறங்குவதற்கு வெகு முன்பே உண்ணுதல், ஒரே நேரத்தில் உறங்கி எழுதல் ஆகிய யாவும் இவ்வாழ்வில் இருந்தன. எனினும் அவை விரும்பித் தேர்ந்தவை அல்ல. வறுமையும் உழைப்பும் இருளும் வகுத்த ஒழுங்கே அது. 1876–78 பெரும்பஞ்சம் போன்ற காலங்களில் கூழும் கிடைக்கவில்லை; பசித்த வயிற்றுக்கு உறக்கம் எளிதன்று. காலராவும் குடற்புழுவும் குடலின் நலனைக் கெடுத்தன. விடுதலைக் காலத்தில் இந்தியரின் சராசரி வாழ்நாள் ஏறத்தாழ 32 ஆண்டுகளே. முன்னோர் நோயின்றி வாழ்ந்தனர் என்னும் கூற்றுக்கு வரலாற்றில் இடமில்லை.

இவ்வுணவு பெண்களின் உழைப்பின் மீதே நின்றது என்பதையும் கருத வேண்டும். வரகின் விதையுறை கடினமானது. திருகையில் திரித்து, புடைத்து, உரலில் குத்தி, மீண்டும் புடைத்தால் மட்டுமே அரிசி கிடைக்கும். கேழ்வரகைத் திரிக்கவும் கம்பை இடிக்கவும் நாள்தோறும் பல நாழிகைகள் தேவைப்பட்டன. வயல்வேலை முடித்து வந்த பெண்ணே இதையும் செய்தாள்.

செரிமானமும் உறக்கமும்: நூல்மரபின் பார்வை

தமிழ் நூல்மரபு நார்ச்சத்து என்னும் கருத்தை அறியாது. ஆனால் செரிமானத்தை உடல்நலத்தின் மையமாகக் கொண்டது. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் முன்னுண்டது செரித்ததை அறிந்து, பசித்த பின், அளவறிந்து உண்பதை வலியுறுத்துகிறது. இன்ன பொருளை உண்க என அது பட்டியலிடவில்லை. உண்ணும் முறையையே பேசுகிறது. சித்த மருத்துவத்தில் தேரையர் பெயரில் வழங்கும் ‘பிணி அணுகா விதி’ இயற்கை வேகங்களை அடக்காமை, பகலுறக்கம் தவிர்த்தல் முதலிய அன்றாட ஒழுக்கங்களைக் கூறுகிறது. ‘பதார்த்த குண சிந்தாமணி’ தானியம், கீரை, காய் ஆகியவற்றின் குணங்களை வகைப்படுத்துகிறது. உணவும் மலநீக்கமும் உறக்கமும் ஒன்றையொன்று சார்ந்தவை என்னும் புரிதல் இம்மரபில் தெளிவாக உள்ளது.

இவ்விதிகள் தம் உணவையும் நேரத்தையும் தேர்ந்துகொள்ள வாய்ப்புடையவரை நோக்கியவை. அளவு மீறி உண்ணாதே என்னும் அறிவுரை அளவுக்கே உணவில்லாதவர்க்குப் பொருந்தாது. கூழுண்ட உழைப்பாளரின் பழக்கமும் நூல் கற்றோரின் விதியும் சிலவிடத்துப் பொருந்தினும் அவற்றின் தோற்றுவாய் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கி ‘தமிழர் மரபுணவு’ எனப் பொதுமைப்படுத்தும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது.

குன்னூர் ஆய்வுகள்

தீட்டிய அரிசியின் குறைபாட்டை அறிவியல் முறையில் ஆராயும் பணி தமிழகத்தில் நீலகிரி மாவட்டக் குன்னூரில் நிகழ்ந்தது. 1918இல் இராபர்ட் மெக்காரிசன் அங்குப் பெரிபெரி நோய் குறித்த ஆய்வைத் தொடங்கினார். அழுத்தத்தில் சூடேற்றி உயிர்ச்சத்து நீக்கிய அரிசியைக் குரங்குகளுக்குக் கொடுத்து, அவற்றின் இரைப்பையிலும் குடலிலும் ஏற்பட்ட சிதைவுகளை அவர் பதிவு செய்தார். பின்னர் இந்தியாவின் பல வட்டார உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டபோது, முழுக்கோதுமை, பால், பயறு, கீரை அடங்கிய சீக்கியர் உணவு சிறந்ததாகவும், அரிசியை மிகுதியாகக் கொண்ட சென்னை மாகாண உணவு மிகவும் தாழ்ந்ததாகவும் அமைந்தது.

அவருக்குப் பின் 1935இல் பொறுப்பேற்ற டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு, இந்திய உணவுப் பொருள்களின் சத்துமதிப்பைத் தொகுத்து 1937இல் ஒரு நூலாக வெளியிட்டார். புழுங்கலரிசியும் கைக்குத்தலரிசியும் ஆலைப் பச்சரிசியைவிட மேலானவை என்பது குன்னூர் ஆய்வுகளின் முக்கிய முடிவாகும். அதே காலத்தில் காந்தியடிகள் 1934இல் தோற்றுவித்த அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் வழியே, தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா கைக்குத்தலரிசிக்காக வாதிட்டார். ஆலை அரிசி உடலின் சத்தையும் ஊராரின் வேலையையும் ஒருங்கே பறிக்கிறது என்பது அவ்வியக்கத்தின் கருத்து. 1958இல் நடுவணரசு இயற்றிய அரிசி ஆலைத் தொழில் ஒழுங்காற்றுச் சட்டம் கைக்குத்தல் தொழிலைக் காக்கும் நோக்கையும் கொண்டிருந்தது. அச்சட்டம் 1997இல் நீக்கப்பட்டது.

இவ்விவாதங்களில் பேசுபொருளாக இருந்தது உயிர்ச்சத்து, நார் அன்று. நார் செரிக்காத கழிவு என்றே அன்றைய ஊட்டச்சத்தியல் கருதியது. பெரிபெரி அருகிய பின் தவிட்டைக் காக்க வேண்டும் என்னும் அறிவியல் வாதமும் வலுவிழந்தது.

கால்வாய், ஆலை, நியாயவிலைக் கடை

1934இல் நிறைவுற்ற மேட்டூர் அணைத் திட்டத்தோடு இணைந்த கல்லணைக் கால்வாய் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில் பகுதிகளுக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்தது. கடைமடையாயினும் அப்பகுதி நெல் வட்டாரமாயிற்று. 1960களில் தொடங்கிய பசுமைப் புரட்சி குறுகிய கால நெல் வகைகளைப் பரப்பியது; மின்சார இறவைக் கருவியும் ஆழ்துளைக் கிணறும் மேட்டு நிலத்திலும் நெல், நிலக்கடலை, கரும்பு முதலியவற்றுக்கு வழிவகுத்தன. தைல மரத் தோப்புகளும் மேய்ச்சல், புன்செய் நிலங்களில் பரவின. வரகும் சாமையும் இவ்வாறு நிலத்தை இழந்தன. கூடவே ஊர்தோறும் வந்த அரைவை ஆலைகள் நெல்லைச் சில நிமிடங்களில் தீட்டித் தந்தன. வரகுக்கு ஏற்ற ஆலை பெரும்பாலான ஊர்களில் வரவில்லை. அதனால் வரகு உண்பதென்றால் பெண் மீண்டும் திருகைக்குத் திரும்ப வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது.

மாற்றத்தை முழுமையாக்கியது அரசின் உணவு வழங்கல். 1967 தேர்தலில் உருபாய்க்கு மூன்று படி அரிசி என்பது பெருமுழக்கமாயிற்று. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தோன்றியது. 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய பள்ளி மதிய உணவு 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2006இல் கிலோ இரண்டு உருபாய்க்கும், 2008இல் ஒரு உருபாய்க்கும் அரிசி வழங்கப்பட்டது. 2011 ஜூன் முதல் குடும்ப அட்டைகளுக்கு விலையின்றி வழங்கப்படுகிறது.

புதுக்கோட்டை போன்ற வறண்ட மாவட்டத்தில் இதன் பொருள் ஆழமானது. கண்மாய் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் வீட்டில் சோறு உண்டு என்னும் உறுதி வரலாற்றில் முதன்முறையாக ஏழைக் குடும்பங்களுக்குக் கிடைத்தது. கோயில் படையலிலும் செல்வர் விருந்திலும் இருந்த வெண்சோறு நாள்தோறும் எல்லாத் தட்டுகளுக்கும் வந்தது. கூழ்குடிப்போர் என்னும் இழிவுப் பேச்சிலிருந்து விடுபட்டது ஒரு சமூக விடுதலை. வரகைக் கைவிட்டவர்களை மரபை மறந்தவர்கள் எனக் குறைகூறுவது இவ்விடுதலையைக் காணத் தவறுவதாகும்.

நார்ச்சத்து என்னும் கருத்தின் எழுச்சி

உணவு நார் என்னும் பொருள்படும் கலைச்சொல்லை 1953இல் ஹிப்ஸ்லி பயன்படுத்தினார். முன்பு கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றிய டெனிஸ் பர்கிட், ஹியூ டிரோவெல் ஆகிய மருத்துவர்கள் 1970களில் அதை மருத்துவத்தின் மையத்துக்குக் கொண்டுவந்தனர். 1972இல் பர்கிட், வாக்கர், பெயின்டர் ஆகியோர் வெளியிட்ட ஒப்பீட்டில், உணவு குடலைக் கடக்கும் நேரம் உகாண்டா கிராமத்தாரிடம் சுமார் 36 மணியாகவும் பிரித்தானியக் கடற்படையினரிடமும் அவர்தம் மனைவியரிடமும் சுமார் 83 மணியாகவும் இருந்தது. அவ்வொப்பீட்டில் தென்னிந்தியச் செவிலியரும் இடம்பெற்றனர். அவர்களுக்கு அது சுமார் 44 மணி.

இந்தியாவில் நாரை அளந்த முறையும் காலப்போக்கில் மாறியது. பழைய அட்டவணைகள் ‘கச்சா நார்’ என்னும் அளவைத் தந்தன. அமிலத்திலும் காரத்திலும் கொதிக்க வைத்தபின் எஞ்சுவதை மட்டும் கணக்கிடும் இம்முறையில் கரையும் நார் முழுவதும் தவறிவிடும். அதன்படி 100 கிராம் கேழ்வரகில் 3.6 கிராம், தீட்டிய பச்சரிசியில் 0.2 கிராம் எனக் காட்டப்பட்டன. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சேர்மான அட்டவணை மொத்த நாரை அளந்தது. குன்னூர் ஆய்வகத்தின் வழித்தோன்றலே அந்நிறுவனம். புதிய அட்டவணையின்படி 100 கிராமில் தீட்டிய பச்சரிசிக்கு 2.81, கேழ்வரகுக்கு 11.18, கம்புக்கு 11.49, சோளத்துக்கு 10.22, சாமைக்கு 7.72, வரகுக்கு 6.39 கிராம் நார் உண்டு.

இவ்வெண்களைக் கொண்டு ஒரு எளிய கணக்கிடலாம். நாளொன்றுக்கு 300 கிராம் தானியம் உண்பவர் தீட்டிய பச்சரிசியை மட்டும் உண்டால் சுமார் 8.4 கிராம் நார் பெறுவார். அதில் பாதியைக் கேழ்வரகாக மாற்றினால் அது சுமார் 21 கிராமாக உயரும். 2,000 கிலோகலோரி உணவுக்குச் சுமார் 30 கிராம் நார் தேவை என்பது இன்றைய பரிந்துரை. தானியத்தை முழுதும் மாற்றாமலே, பயறும் கீரையும் காயும் சேர்ந்தால் தேவையை எட்டலாம் என்பது தெளிவு.

கரையா நார் நீரைப் பிடித்து மலத்தின் பருமனைக் கூட்டி அது எளிதில் நகரச் செய்கிறது. கரையும் நார் செரிமானத்தை மெதுவாக்கிக் குருதிச் சர்க்கரை சட்டென உயர்வதைத் தடுக்கிறது. பெருங்குடல் நுண்ணுயிர்கள் நாரை நொதிக்கச் செய்து குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன; அவை குடற்சுவர் உயிரணுக்களுக்கு ஆற்றலாகின்றன. வேகவைத்து ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிக்கா வடிவம் பெற்று நாரைப் போலச் செயற்படும் என்பதால், பழையதும் இவ்வகையில் கவனத்துக்குரியது.

உறக்கத்தோடு நாருக்குள்ள தொடர்பு அண்மையில்தான் ஆராயப்படுகிறது. 2016இல் வெளியான கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வொன்றில் 26 பேர் பங்கேற்றனர். மிகுதியாக நார் உண்டவரிடம் ஆழ்ந்த உறக்கம் கூடுதலாகவும், நிறைகொழுப்பு மிகுதியாக உண்டவரிடம் அது குறைவாகவும் காணப்பட்டன. சர்க்கரை மிகுந்தபோது இடையே விழிப்பது கூடியது. சிறு குழுவில் குறுகிய காலம் நிகழ்ந்த ஆய்வு என்பதால் இதை உறுதியான காரணத் தொடர்பாகக் கொள்ள இயலாது. ஆயினும் இரவு தாமதமாக மிகுதியாக உண்டு உடனே படுப்பது அமிலம் மேலெழக் காரணமாகி உறக்கத்தைக் கெடுக்கும் என்பது நன்கறிந்த செய்தி. மின்விளக்கும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் இரவை நீட்டித்தபோது கடைசி உணவின் நேரமும் பின்தள்ளப்பட்டது. தானியம் மாறியதோடு நேரமும் மாறியதால்தான் இவ்விரண்டின் விளைவுகளைப் பிரித்துக் காண்பது கடினமாகிறது.

இன்றைய மீட்பும் அதன் எல்லையும்

2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டில் தமிழக அரசு சிறுதானிய இயக்கத்தைத் தொடங்கியது. நீலகிரி, தருமபுரி மாவட்ட நியாயவிலைக் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்கு மாற்றாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் முன்னோடித் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. நகரக் கடைகளில் வரகும் சாமையும் அரிசியைவிடக் கூடுதல் விலையில் விற்கப்படுகின்றன. ஒரு காலத்தில் ஏழையின் தானியமாக இருந்தது இன்று வசதியுள்ளோர் நலன்கருதி வாங்கும் பொருளாகிவிட்டது. நியாயவிலைக் கடையின் அரிசியையே நம்பியுள்ள புதுக்கோட்டைச் சிற்றூர்க் குடும்பம் அவ்விலை கொடுத்து வாங்க இயலாது.

மேலும் கடையில் கிடைக்கும் சிறுதானிய அரிசியும் மிகுதியாகத் தீட்டப்பட்டால் நாரை இழக்கும். பெயர் சிறுதானியமாக இருப்பதால் மட்டும் பயன் கிட்டாது. தவிடு எவ்வளவு எஞ்சியது என்பதே கருதத்தக்கது. நார் உணவைத் திடீரெனக் கூட்டினால் வயிற்று உப்புசம் ஏற்படும். படிப்படியாகவும் போதிய நீரோடும் கூட்டுவதே முறை. பயறு, கீரை, முருங்கை, வாழைத்தண்டு போன்றவை சிறுதானியத்தைவிட எளிதில் கிடைக்கும் நார்மூலங்கள் என்பதும் பரப்புரைகளில் போதிய இடம் பெறுவதில்லை.

முடிவுரை

புதுக்கோட்டை வட்டாரத்தின் உணவு வரலாறு மூன்று செய்திகளை உணர்த்துகிறது. முதலாவது, வெள்ளரிசியின் மீதான விருப்பம் இருபதாம் நூற்றாண்டில் வெளியிலிருந்து புகுத்தப்பட்டதன்று. கோயில் கல்வெட்டுகள் காட்டுவதுபோல அது பழமையான சமூக மதிப்பின் தொடர்ச்சியே. ஆலையும் நியாயவிலைக் கடையும் அம்மதிப்பை அனைவர்க்கும் உரியதாக்கின. இரண்டாவது, நார்மிகு உணவும் முன்னிரவு உறக்கமும் முற்கால உழைப்பாளரின் அறிவார்ந்த தேர்வாக அமையவில்லை. வறுமையும் கடும் உழைப்பும், குறிப்பாகப் பெண்களின் உழைப்பும், அவற்றுக்கு அடிப்படையாயின. மூன்றாவது, நாரின் இழப்பு உண்மையானது; குடலுக்கும் உறக்கத்துக்கும் அதன் விளைவுகளும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல.

ஆகவே தேவைப்படுவது பழமைக்குத் திரும்புதல் அன்று; பசியில்லாமை என்னும் பேற்றைக் காத்துக்கொண்டே தவிட்டையும் பயறையும் கீரையையும் தட்டுக்கு மீட்பதே. கேழ்வரகு வழங்கலைப் புதுக்கோட்டை போன்ற வறண்ட மாவட்டங்களுக்கு விரிவாக்குதல், மிகையாகத் தீட்டாத சிறுதானிய ஆலைகளைச் சிற்றூர்களுக்குக் கொண்டுவருதல், சத்துணவில் பயறு, கீரையின் அளவைக் கூட்டுதல் ஆகியவை அதற்கான வழிகள். திருகையின் சுமையைப் பெண்ணின் மீது மீண்டும் ஏற்றாமலும் ஏழையின் சோற்றைக் குறைக்காமலும் நடைபெறும் மீட்பே இவ்வட்டார வரலாற்றோடு பொருந்தும்.